பசியற்ற வானத்திற்கான உயர்மட்டக் குழு

விமானம் இறக்கையால் பறக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாவம், பிள்ளைகளுக்கு உண்மை தெரியாது. விமானத்தை வானத்தில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது கமிட்டி. ஒரே ஒரு வாரம் கமிட்டிகள் கூடாமல் இருந்து பாருங்கள், உலகத்து விமானங்கள் அத்தனையும் பொத்துப் பொத்தென்று விழும். இந்தப் பேருண்மையை உணர்ந்தவர் ஒரு விமான நிறுவனத்தின் பாதுகாப்பு மேலாளர். அவர் அதை உணர்ந்த கூட்ட அறையின் கூரையிலிருந்து ஏ.சி. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. அந்த ஒழுக்கை ஆராய்வதற்கும் ஒரு கமிட்டி இருந்தது. வாளி அதன் பரிந்துரை.

மேலாளருக்கு அலுவலகத்தில் 'சீட்பெல்ட்' என்று பெயர். நிறுத்தி வைத்த காருக்குள்ளும் பெல்ட் போட்டுக்கொள்பவர். முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்தாலும் கை தானாக இடுப்புப் பக்கம் துழாவும். ஒரு காலத்தில் அவரும் விமானம் ஓட்டியவர்தான். ஓட்டுவதை விட்டு மேலாளரான பிறகுதான் விமானங்களைவிட உயரத்தில் போய் உட்கார்ந்தார்.

அந்த மாதம் அவர் இன்னும் உயர்ந்திருந்தார். தொப்பையைக் குறைப்பதற்காக 'இடைவெளி உண்ணல்' என்ற நவீன வாழ்க்கை முறையைத் தழுவியிருந்தார். இரவு சாப்பிட்டால் மறுநாள் பிற்பகல் வரைக்கும் பச்சைத் தண்ணீர்தான். எப்போது வாயைத் திறக்கலாம் என்பதை அவர் போனுக்குள்ளிருந்து, மாதச் சந்தா கட்டிய செயலியின் பெண் குரல் சொல்லும். வீட்டுக்காரம்மாவுக்கு அந்தக் குரலைக் கட்டோடு பிடிக்காது.

"ஒரு துண்டு ரொட்டியாவது வாயில போட்டுட்டுப் போங்களேன். மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு."

"இது பட்டினி இல்லம்மா. உடம்புல இருக்கற செல்லெல்லாம் புதுப்பிச்சுக்குது."

"நேத்து உங்க செருப்பக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சீங்களே, அது எந்த செல்லு?"

மேலாளர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். விஞ்ஞானத்தை வீட்டில் யாரும் புரிந்துகொள்வதில்லை.

இப்படிப்பட்டவர் நோன்பு மாதம் பிறந்ததும் தூக்கம் இழந்ததில் வியப்பில்லை. அவருடைய நிறுவனத்தில் முஸ்லிம் துணை விமானி ஒருவர் இருந்தார். அமைதியான ஆள், தேர்வுகளில் எப்போதும் முதலிடம், அடுத்த வாரம் கேப்டன் பயிற்சிக்குப் போக வேண்டியவர். நோன்பாளியின் வெறும் வயிறு, அதற்குப் பின்னால் வரிசை வரிசையாகப் பயணிகள்! நினைக்கும்போதே மேலாளருக்குத் தலை கிறுகிறுத்தது. தலை ஏற்கெனவே காலையிலிருந்து கிறுகிறுத்துக்கொண்டுதான் இருந்தது என்பது வேறு விஷயம். சந்தா கட்டிப் பசித்தால் அது அறிவியல். சும்மா பசித்தால் அது அபாயம். இந்த நுட்பமான வேறுபாடு எல்லோருக்கும் விளங்காது.

'பசியற்ற வானத்திற்கான உயர்மட்டக் குழு' அன்றைக்கே உதயமானது. மேலாளர் தலைவர். டாக்டர், வக்கீல், பணியாளர் அதிகாரி அம்மா ஆகிய மூவரும் உறுப்பினர்கள். நடுவில் ஒரு தட்டு பிஸ்கட். மூவரும் தின்றார்கள். தலைவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துணை விமானி வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இது விசாரணை இல்ல. சும்மா மனம்விட்டுப் பேசுறோம், அவ்வளவுதான்" என்றார் மேலாளர். வக்கீல் ஒலிப்பதிவுக் கருவியை முடுக்கினார்.

"நீங்க நோன்பு வைக்கிறவர்தானே?"

"ஆமா சார். ஆனா ஃப்ளைட் ஓட்டுற நாள்ல வைக்கிறதில்ல."

அறை திடுக்கிட்டது.

"ஏன் வைக்கிறதில்ல?" மேலாளரின் குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

"கூடாதுன்னு கம்பெனி விதி இருக்கு. அதுல கையெழுத்துப் போட்டதே நீங்கதான் சார். பிரயாணத்துல இருக்கறவங்களுக்கு மார்க்கத்துலயும் சலுகை இருக்கு. விட்டுப்போன நோன்ப அப்புறமா லீவு நாள்ல வச்சுக்குவேன்."

வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "பிரயாணின்னா டிக்கெட் எடுத்தவங்க. நீங்க ஓட்டுறவர். நீங்க எப்படிப் பிரயாணி ஆவீங்க?"

"நான் ஓட்டினாலும் ஃப்ளைட்டோடதானே சார் நானும் போறேன்."

குழு கவலையில் ஆழ்ந்தது. பிரச்சினை இருந்தால் குழு தீர்வு காணும். ஆனால் பிரச்சினை உள்ளே நுழையும்போதே தீர்ந்துபோய் வந்தால் குழுவின் கதி? பிஸ்கட்டின் கதி? நெடுநேரம் கலந்தாலோசித்து, "இவர் நோன்பு வைப்பதில்லை என்று இவரே சொல்வதால் இவரை நம்புவதற்கில்லை" என்று முடிவு கட்டினார்கள். துணை விமானி மறு உத்தரவு வரும்வரை பறக்க விடாமல் தரையில் நிறுத்தி வைக்கப்பட்டார். 'முன்னெச்சரிக்கை' என்பது அதன் செல்லப்பெயர்.

மறுநாள் அவர் பறக்கவில்லை. பறக்காதவர் பிரயாணி இல்லை. பிரயாணி இல்லாதவருக்குச் சலுகை இல்லை. ஆகவே நோன்பு வைத்தார். அடுத்த கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு எப்படி?" என்றார் மேலாளர்.

"இன்னைக்கு நோன்பு சார்."

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" மேலாளர் எழுந்தே விட்டார். எழுந்ததில் கண் இருட்டியது, மேசையைப் பிடித்துக்கொண்டார். "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லியா?"

"நீங்கதானே சார் வீட்ல உட்கார வச்சீங்க. பறக்க விடுங்க, சாப்பிடறேன்."

"நோன்பு வைக்கிறவர எப்படிப் பறக்க விடறது?" என்றார் பணியாளர் அதிகாரி அம்மா, நிஜமான வருத்தத்தோடு.

அப்போது துணை விமானியின் போன் ஒலித்தது. அடுத்த முனையில் மாமனார். போனே தேவைப்படாத குரல்.

"மாப்பிள்ளே! பெயின்டர் வந்து வீட்டு கேட்டுல நிக்கிறான். உங்க பேருக்கு முன்னால கேப்டன்னு எழுதிடலாம்ல? தெரு முழுக்கச் சொல்லிட்டேன்!"

"கொஞ்சம் பொறுங்க மாமா."

"பொறுக்கறதா? முதல் எழுத்து எழுதியாச்சு!"

துணை விமானி குரலைத் தாழ்த்தினார். "அதோட நிறுத்தச் சொல்லுங்க மாமா."

போனை வைத்துவிட்டு அவர் மேலாளரைப் பார்த்தார். "சார், இந்த வாரத்துக்குள்ள என்னை விடலேன்னா பயிற்சி இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும். அப்புறம் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது."

மேலாளருக்கு இரக்கம் பிறந்தது. இரக்கம் பிறந்தால் அவர் பரிசோதனைக்கு உத்தரவிடுவார்.

பரிசோதனை சிமுலேட்டரில் நடந்தது. சிமுலேட்டர் என்பது இருந்த இடத்தை விட்டு நகராமலே வானம், மழை, இடி எல்லாம் காட்டும் பொய் விமானம். நிர்வாகத்துக்கு மிகப் பிடித்த விமானம். அதில் பயணிகள் கிடையாது. இடது இருக்கையில் துணை விமானி. வலது இருக்கையில், அவர் மயங்கி விழும் கணத்தை நேரில் பதிவு செய்ய, மேலாளர். இருவருக்கும் நடுவே மூடி ஒட்டிய ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே முட்டை சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சிப்ஸும். குழுவின் ஆவணங்களில் அதன் பெயர் 'தூண்டல் பொருள்'. நோன்பாளியின் கவனம் அதை நோக்கி எத்தனை முறை தடுமாறுகிறது என்று பக்கத்து அறையிலிருந்து மற்ற மூவரும் திரையில் பார்ப்பதாக ஏற்பாடு.

பொய் விமானம் கிளம்பியது. பொய் மழை கொட்டியது. துணை விமானியின் கண் கருவிகளை விட்டு அசையவில்லை. மேலாளரின் மூக்குக்குத்தான் மூடிய அட்டைக்குள்ளிருந்து முட்டையும் மிளகுத்தூளும் வந்து சேர்ந்தன. போனுக்குள் இருப்பவள் அனுமதி தர இன்னும் நேரம் இருந்தது.

"சார், சக்கரத்த இறக்குங்க."

மேலாளர் இறக்கினார்.

"சார், அது வைப்பர்."

"தெரியும். உங்க கவனத்தச் சோதிச்சேன்."

"இப்ப மறுபடியும் சோதிக்கிறீங்க சார். அதுவும் சக்கரம் இல்ல."

சக்கரத்தைத் துணை விமானியே எட்டி இறக்கினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையிலிருந்து மின்தடையை ஏவினார்கள். விளக்குகள் அணைந்தன. குழுவின் திரையும் கறுத்தது. ஒரே ஒரு சிறு கருவி மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. மற்றபடி கும்மிருட்டு.

"சார், ஏதோ சத்தம் வருது."

சத்தம் கூடியது.

"கறுக்முறுக்குன்னு வருது சார். எஞ்சினா?"

"ம்ம்" என்றார் மேலாளர். வாய் நிறைந்த ஒலி.

"எஞ்சின் மாதிரி தெரியல. வலது பக்கத்துலேர்ந்து வருது." சற்றுக் கேட்டுவிட்டு, "பரவால்ல சார், ஆபத்தில்லாத சத்தம்தான். நான் இறக்கிடறேன்" என்றார் துணை விமானி.

இறக்கினார். பொய் விமானம் வாளித் தண்ணீரில் இலை விழுவதுபோல் இறங்கியது. விளக்கு வந்தது. பெட்டி காலி.

கூட்ட அறையில் கொண்டாட்டம். "சாப்பிட்டுட்டார்!" என்று டாக்டர் துணை விமானியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தலைவரை யாரும் சந்தேகிக்கவில்லை. தலைவர் எதையும் விழுங்குவதென்றால் முதலில் தீர்மானம் போட்டாக வேண்டும்.

"நான் சாப்பிடல டாக்டர்."

வக்கீல் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "தம்பி, உங்க நல்லதுக்குச் சொல்றேன். சாப்பிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நோன்பு இல்லேன்னு ஆயிடும். நாளைக்கே பறக்கலாம். அடுத்த வாரம் பயிற்சி."

துணை விமானி காலிப் பெட்டியைப் பார்த்தார். கேட்டில் பெயின்டர் எழுதிவிட்டுப் போன ஒற்றை எழுத்து கண்ணுக்குள் வந்திருக்க வேண்டும், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பொய் சொல்லிட்டு நோன்பு வச்சா அது நோன்பு இல்லீங்க, வெறும் பட்டினி. நான் சாப்பிடல."

"அப்ப யார்தான் சாப்பிட்டது?"

"அத நான் சொல்ல முடியாது சார். இருட்டா இருந்துச்சு." அவர் மேலாளர் பக்கம் திரும்பவே இல்லை. வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா நோன்புதான்" என்று பெருமூச்சு விட்டார் அதிகாரி அம்மா. "தரையிலயே இருக்க வேண்டியதுதான்."

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. மேலாளர் தொண்டையைச் செருமினார். அவர் வாழ்நாளில் எத்தனையோ அவசரநிலைகளுக்கு நடைமுறை வகுத்தவர். இந்த அவசரநிலைக்கு எதுவும் வகுத்திருக்கவில்லை. ஆனாலும் எழுந்து நின்றார்.

"தூண்டல் பொருளின் இருப்புக் குறைவுக்கு விமானி பொறுப்பல்ல என்பது தலைமைக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும் சார்?" என்றார் டாக்டர்.

"தலைமைக்கு நேரடித் தகவல் உண்டு."

"அப்ப யார் பொறுப்பு?"

"வலதுபக்க இருக்கையின் சூழ்நிலை."

வக்கீல் அதை அப்படியே எழுதிக்கொண்டார். மேலாளர் கம்பீரமாகத் தீர்மானத்தை மொழிந்தார்: துணை விமானி நாளை முதல் பறக்கலாம், அடுத்த வாரம் பயிற்சிக்குச் செல்லலாம், பறக்கும் நாளில் அவர் உண்பதாகச் சொன்னால் குழு அதை நம்பும். விமானி அறையில் பசி எவ்வளவு பெரிய அபாயம் என்பது இந்தப் பரிசோதனையில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டதால், குழு தன் பணியை வெற்றிகரமாக நிறைவு செய்கிறது.

கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்த நொடியில், எங்கிருந்தோ ஓர் இனிய பெண் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"வாழ்த்துகள்! இன்றைய உண்ணாநிலையை ஒழுக்கத்தோடு முடித்துவிட்டீர்கள். இப்போது நீங்கள் சாப்பிடலாம்."

எல்லோரும் துணை விமானியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு இன்னும் பொழுது சாயலீங்க" என்றார் அவர்.

போன் மேலாளரின் சட்டைப்பையில் இருந்தது. மீசையில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது.