வெக்ஸ்கோம் பிரபு பேசியபடி

1788 மார்ச் மாதம் லண்டனில், ஆம்புரோஸ் பெத்தரிக் நடத்திவந்த பள்ளியிலிருந்து ஏழு பிள்ளைகள் விலகினார்கள். வாத்தியாரின் கார்ன்வால் நாட்டுப்புறப் பேச்சு அவர்களுக்கும் ஒட்டிக்கொள்கிறதாம்.

அவருக்கு மிச்சமிருந்த நம்பிக்கை, தாம் எழுதிவந்த உச்சரிப்பு அகராதிதான். அது விற்றால் பள்ளி பிழைக்கும்.

பதிப்பாளர் கேதர்கோல் கையெழுத்துப் பிரதியைத் தள்ளிவைத்தார். "உம்ம வாயை நம்பி எவன்யா வாங்குவான்? யாராவது ஒரு பிரபு பேசுறதைக் கேட்டு எழுதிட்டு வாரும்."

பிரபுக்கள் காலையில் தலைமுடிக்கு மாவு தூவிக்கொண்டே பார்வையாளர்களைச் சந்திப்பது வழக்கம். வெக்ஸ்கோம் பிரபுவின் அறை மூலையில் ஒரு வாரம் நின்று பெத்தரிக் குறித்துக்கொண்டார். 'ஸில்வர்' என்று பிரபு சொல்லவில்லை, 'ஷில்வர்' என்றார். சிஸ்டர், ஷிஷ்டர் ஆனாள்.

"ஏங்க, இப்படி யாராவது பேசுவாங்களா?" என்றாள் மனைவி டாம்சின்.

"பெரிய இடத்துல பேசுறாங்கடி. நமக்கென்ன தெரியும்?"

அகராதி முழுவதையும் திருத்தினார். அச்சுக்கோப்பவர் கத்தினார்: "யோவ், 'எஸ்' பக்கத்துல எல்லாம் 'எச்' சேர்த்துச் சேர்த்து என்கிட்ட இருந்த எச் எழுத்தெல்லாம் தீர்ந்துபோச்சு!" புது எழுத்து வார்க்கப் பள்ளி பெஞ்சுகளை விற்றார் பெத்தரிக். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள்.

புத்தகம் வந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய், ஸூப் கேட்கிறபோது "அம்மா, ஷூப்!" என்றார்கள். பெற்றோர் கேதர்கோலின் கடைக்குச் சண்டைக்குக் கிளம்பி வந்தார்கள்.

பயந்துபோன கேதர்கோல், 'வெக்ஸ்கோம் பிரபு பேசக் கேட்டு எழுதியது' என்று புத்தக முகப்பில் கொட்டை எழுத்தில் அச்சடித்து ஒட்டினார். வந்தவர்கள் படித்தார்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆளுக்கொரு பிரதி வாங்கிப் போனார்கள்.

கோடைக்குள் தையற்காரர், பாதிரியார், வக்கீல் எல்லார் வாயிலும் ஷகரம். "ஷோல் மீன் வேணுமா, ஷார்?" என்று தெருவில் மீன்காரி கூவினாள். பள்ளிக்கு பெஞ்சு திரும்பி வந்தது.

அக்டோபரில் பிரபுவின் பணியாள் பின்னக் வந்து நின்றான்.

"ஐயா, எங்க பிரபுவுக்கு ஒரு பிரதி வேணும். விருந்துல அவர் வாயைத் திறந்தாலே எல்லாரும் சிரிக்கிறாங்க."

பெத்தரிக் திகைத்தார். "பிரபு பேச்சைக் கேட்டா சிரிக்கிறாங்க?"

"ஆமாங்க. காலையில பொக்கை வாயா இருப்பார். மாவு தூவி முடிச்சப்புறம்தான் பொய்ப்பல்லை மாட்டிவிடுவோம். பல்லோட 'ஸில்வர்'னுதான் வருது, உங்க புத்தகத்துல இருக்கிற மாதிரி சரியாப் பேச அவருக்கு வரமாட்டேங்குது!"

திங்கட்கிழமை முதல் வெக்ஸ்கோம் பிரபு வகுப்புக்கு வந்தார்.