ஆட்டுப் பயத்துக்கு வைத்தியம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தமாகச் சொன்னால் அடுப்பாண்ட இருக்கிறவள் காதில் விழும்.

என் பெண்டாட்டி பொன்னியம்மாள் மகளிர் குழுவில் சேர்ந்து ஆடு வாங்கினாள். வாங்கியது அவள், மேய்ப்பது நான். உத்திரமேரூர் ஏரிக்கரையில், உச்சி வெயிலில், ஒரு ஆம்பளை ஆட்டு வாலைப் பார்த்துக்கொண்டே நடப்பதா? சபதம் எடுத்தேன். இந்த வரதன் இனி ஆட்டுக் கயிற்றைத் தொட மாட்டான். சபதம் எடுப்பது சுலபம், அதைப் பொன்னியிடம் சொல்கிற தைரியத்துக்கு எங்கே போவது?

அந்த நேரம் பார்த்து எங்கள் காலனித் தேவி ஊருக்கு வந்தாள். மனசு வைத்தியத்தில் எம்.ஏ. முடித்து, ஆஸ்பத்திரியில் வேலையும் பார்க்கிற பெண். அது போதாதென்று அதற்கு மேல் சென்னையில் ஒரு பயிற்சி. பேர் சிபிடியாம். நினைப்பை மாற்றினால் நடப்பு மாறும், நடப்பை மாற்றினால் நினைப்பு மாறும். அவ்வளவுதான் சரக்கு. எங்கள் ஊரில் குடித்துவிட்டு வருகிறவனே இதை இலவசமாகச் சொல்வான். இவர்களுக்கு ஒரு வருசப் படிப்பு வேண்டியிருக்கிறது, அதுவும் படித்து முடித்த பிறகு.

பயிற்சி முடியவேண்டுமானால் நிஜ ஆள் ஒருவருக்கு வாராவாரம் வைத்தியம் பார்க்கவேண்டும். அதைப் போனில் படம் பிடித்துப் பெரிய வாத்தியாருக்கு அனுப்பவேண்டும். காலனியில் யாரும் உட்காரவில்லை. மெண்டல் என்று பேர் கட்டிவிடுவார்களே. நான் உட்கார்ந்தேன்.

"ஆட்டப் பாத்தா நெஞ்சு படபடங்குது பாப்பா. முட்டி சாவடிச்சிடும்னு தோணுது."

என் கணக்கு இதுதான். காய்ச்சல் என்றால் டாக்டர் வேலைக்குப் போகாதே என்பார். ஆட்டுப் பயம் என்றால் ஆட்டுப் பக்கம் போகாதே என்பார். படித்தவள் வாயால் வந்துவிட்டால் பொன்னி என்ன செய்ய முடியும்?

நூற்றுக்கு எவ்வளவு பயம் என்று தேவி கேட்டாள். தொண்ணூறு என்றேன். ரொம்பப் போய்விட்டோமோ என்று எண்பதுக்கு இறங்கினேன், சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி. ஆடு கொன்றுவிடும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அடுத்த கேள்வி. நாமதாம்மா ஆட்டைக் கொல்லுகிறோம் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அப்புறம்தான் இடி விழுந்தது.

"ஒதுங்கிப் போனா பயம் வளரும் பெரிப்பா. கிட்டப் போனாதான் கொறையும். படிப்படியா போவலாம். வூட்ல ஒருத்தர் தொணைக்கு வோணும், பெரிம்மாவ கூப்புடறேன்."

பொன்னி வந்தாள். என் மூஞ்சியை ஒரே ஒரு தடவை பார்த்தாள். எம்.ஏ.வுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்துவிட்டது. திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவளோ முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். காய்ந்த கண்ணை.

"பாவம்மா எங்க வூட்டுக்காரரு. ஆட்டுக்கு மட்டுமா பயப்படறாரு? தொடப்பத்தப் பாத்தா வேர்க்குது. தண்ணிக் கொடத்தத் தொட்டா கை நடுங்குது. பாத்திரம் கழுவற பக்கமே வரமாட்டாரு. இது வியாதின்னு தெரியாம இத்தினி வருசமா திட்டிக்கினு கீறேன்."

தேவிக்கு முகமெல்லாம் வெளிச்சம். இப்பேர்ப்பட்ட கேஸ் யாருக்குக் கிடைக்கும்? முதல் படி துடைப்பம், அடுத்தது குடம், அதற்கடுத்தது பாத்திரம், மேல்படி ஆடு என்று ஏணி போட்டாள். நான் ஏறினேன். பெருக்கினேன், சுமந்தேன், விளக்கினேன். பொன்னி பக்கத்தில் நின்று, பயப்படாதே, மூச்சை இழுத்து விடு என்று தைரியம் சொன்னாள். படத்தைப் பார்த்த பெரிய வாத்தியார் என் முன்னேற்றத்தை மெச்சினாராம். ஊரார் மனசையெல்லாம் திறந்து பார்க்கிற மேதாவி. போன் படத்தில் உட்கார்ந்து புளுகுகிறவனைத் தெரியவில்லை.

தாங்காமல் ஒருநாள் சொன்னேன். "பயம் சுத்தமா போயிடுச்சு பாப்பா. இப்ப சைபரு."

தேவி கை தட்டினாள். பொன்னி அமைதியாகக் கேட்டாள், "அப்ப இனிமே தெனமும் அவரே ஓட்டிக்கினு போலாம், இல்லம்மா?"

அப்போதுதான் உறைத்தது. பயம் இருந்தால் மேய்ப்பது மருந்து. பயம் இல்லையென்றால் மேய்ப்பது வேலை.

தேவி பயிற்சியை முடித்துக்கொண்டு போனாள். போகும்போது பயம் திரும்பாமலிருக்க விடாமல் பழகவேண்டும் என்று பொன்னியிடம் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் பொன்னி தென்னேரியில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போனாள். திரும்பும்போது லோடு ஆட்டோவில் ஒரு கெடாவோடு வந்து இறங்கினாள். சுருண்ட கொம்பு, சிவந்த கண்ணு. தென்னேரியில் அதைக் கண்டால் நாயே வேறு தெருவில் போகுமாம். சாமி சத்தியமாக, அப்போது எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது.

"பொன்னி, இது நெசமா பயமா கீதுடி."

"சைபருன்னியே," என்றாள்.

கயிற்றை என் மணிக்கட்டில் நன்றாகச் சுற்றி முடிச்சுப் போட்டாள். கெடாவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.