அறுபத்திரண்டு புஷார்கள்

ரொறன்ரோ டெலிபோன் புத்தகத்தில் புஷார் என்ற குடும்பப் பேரில் அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். புனிதவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலாவது ஆளிலிருந்து தொடங்கினாள்.

2009 ஜூன். சண்டை முடிந்து மூன்று கிழமை. வன்னிக்குள் அகப்பட்ட தம்பி சண்முகநாதனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நேற்று வவுனியாவிலிருந்து தெரிந்த ஒருவர் போன் எடுத்தார். "முகாமில இருக்கிற ஆக்களின்ர லிஸ்ட் ரொறன்ரோவில புஷார் எண்ட வெள்ளைக்காரரிட்ட வந்திருக்காம். அவரைப் பிடியுங்கோ." அதோடு லைன் அறுந்தது.

"அறுபத்திரண்டு பேருக்கும் போன் அடிக்கப் போறீரோ?" என்றார் கணவர் பத்மநாதன்.

"ஓம். நீங்கள் தேத்தண்ணியைப் போடுங்கோ."

முதல் புஷார் பல் டொக்டர். அவள் விளக்கி முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமைக்கு நேரம் குறித்துவிட்டார்கள். அடுத்தவர் பைப் திருத்துபவர். மூன்றாவது ஒரு கிழவி. தன் பரம்பரையில் வந்த ஹொக்கி வீரர், பாதிரியார், கியூபெக்கில் அவர்கள் பேரில் உள்ள ஊர், ஏரி எல்லாவற்றையும் நாற்பது நிமிடம் சொன்னாள்.

எல்லாரிடமும் புனிதவதி தன் நம்பரைக் கொடுத்து வைத்தாள். வினை அங்கேதான் தொடங்கியது.

மறுநாள் புஷார்கள் திருப்பிப் போன் எடுத்தார்கள். பைப்காரர் மல்வேர்னில் அவர்கள் இருந்த வீட்டுக்கே வந்து குசினிக் குழாயைக் கழற்றிவிட்டார். மரணச்சடங்கு நடத்தும் புஷார் ஒருவர் மெதுவான குரலில் அனுதாபம் தெரிவித்தார்.

"என்ர தம்பி சாகேல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் போனை வைத்தாள். உடனே அடுத்த நம்பரை அழுத்தினாள்.

கிழவி தன் கியூபெக் ஊர்த் தேவாலயத்திலும் விஷயத்தை அறிவிக்கச் செய்தாள். அதன் பிறகு பிரெஞ்சில் போன் கோல் வரத் தொடங்கியது. "பொன்ஜூர். சண்முகநாதன்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள் புனிதவதி.

"கொஞ்சம் படுத்தெழும்புமன்" என்றார் பத்மநாதன்.

"இன்னும் நாலு பேர் இருக்கினம்."

மூன்றாம் நாள் பின்னேரம் கடைசிப் புஷாரும் தான் அந்த ஆள் இல்லை என்றார். ரிசீவரை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். போன் அடித்தது.

"புனிதவதி அக்காவோ? நான் கிளடிஸ். நிவாரண அலுவலகத்துக்குப் புதுசா வந்த புஷாருக்கு மொழிபெயர்க்கிறன்."

"தம்பி... இருக்கிறானோ?"

"இருக்கிறார். காலில சின்னக் காயம்தான். உங்கட நம்பரையும் தம்பிதான் தந்தவர்."

புனிதவதி அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"மூண்டு நாளா விடாமல் அடிக்கிறன் அக்கா" என்றாள் கிளடிஸ். "எப்ப எடுத்தாலும் உங்கட லைன் எங்கேஜ்."