கை நனையாத சம்பந்தி

என் காதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றுவிட்டது (நின்றதல்ல, நான்தான் நிறுத்தினேன், கே.ஜி.கண்டிகையில் அப்போது இருந்த வாத்தியாருக்கு என்னைத் தாங்கும் சக்தி போதவில்லை). அதற்குப் பிறகு கற்றதெல்லாம் காதால் கற்றதுதான். கான்கிரீட் தளத்தைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் போதும். இறுகிவிட்டதா, பலகையைப் பிரிக்கலாமா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். நான் சொல்லிப் பிரித்து, இடிந்து விழுந்த தளம் திருத்தணியில் ஒன்றுகூடக் கிடையாது (ஒரு மாட்டுக் கொட்டகையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது). கூலிக்குப் பலகை தூக்கியவன், இன்றைக்கு சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடுகிற கடைக்கு முதலாளி. ஊரில் நிற்கிற மாடிகளில் பாதிக்கு மேல் என் பலகைமேல் படுத்து எழுந்தவை.

இப்பேர்ப்பட்ட காது ஒரே ஒரு சொல்லில் என்னைக் கவிழ்த்தது. அதுவும் நூடுல்ஸ் தின்னப் போன நாளில்.

என் மகள் கீர்த்தனா சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கேயே வேலை பார்க்கிற ஹரீஷைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பையனுக்கு ஊர் நகரி. மேப்பில் அதை ஆந்திரா என்று போட்டிருப்பார்கள். எங்களுக்கு அது அடுத்த பஸ் ஸ்டாப் மாதிரி. தமிழும் தெலுங்கும் இரண்டு பக்கமும் கலந்துதான் கிடக்கிறது. என் மகளே என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். ஆகவே பாஷை ஒரு தடையில்லை. தடை, பையனுடைய அப்பா.

அவர் பெயர் கோவிந்தராஜுலு. பவர்லூம் வைத்திருப்பவர். பேச்சு குறைவு, முறை அதிகம். பெண் பார்க்க வந்தார். பிறகும் வந்தார். எதற்கென்று தெரியாமல் இன்னொரு தடவையும் வந்தார். வந்தபோதெல்லாம் குடிக்கத் தண்ணீரைப் பாட்டிலில் தானே கொண்டுவந்தார். சம்பந்தம் முடிவாவதற்கு முன்னால் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு முறை. என் மனைவி சரோஜா சுட்ட வடை ஒவ்வொரு தடவையும் அவர் முன்னால் ஆறிப்போய், கடைசியில் என் வயிற்றுக்கு வந்து சேரும். (இந்தப் பேச்சுவார்த்தையில் எனக்கு ஏறிய எடையைப் பற்றி டாக்டர் தனியாகப் பேசினார்.)

கிளம்பும்போது, "யோசிச்சு சொல்றோம், மேஸ்திரி காரு" என்பார்.

நான் மேஸ்திரியாக இருந்த காலம் மலையேறிவிட்டது. மேஸ்திரிகள் என் கடை வாசலில் நிற்கிற காலம் இது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டேன். காரணம், நான் காத்திருந்தது வேறொரு சொல்லுக்காக. எங்கள் பக்கத்தில் சம்பந்திகள் ஒருவரையொருவர் 'பாவா' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சொல் வாயிலிருந்து வந்துவிட்டால் கல்யாணம் முடிவான மாதிரி. வெற்றிலை பாக்கெல்லாம் அப்புறம்தான்.

கடைசியில் பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இந்த வீடும் வேண்டாம், அந்த வீடும் வேண்டாம், சென்னைக்கு வாருங்கள், நாங்கள் சாப்பிடுகிற கடைகளுக்குக் கூட்டிப்போகிறோம், பொது இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள் என்றார்கள். அதற்கும் கோவிந்தராஜுலு தயங்கினார். பையன்தான் சட்டம் பேசினான்: "நூடுல்ஸை முள்கரண்டில சாப்பிடறதுப்பா. கை எங்க நனையுது?"

அவர் கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துவிட்டு, "ஆங், வாஸ்தவம்தான்" என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் ரயிலுக்குக் கிளம்பும்போது சரோஜா வாசல்வரை வந்தாள். "இன்னா பண்ணுவீங்களோ எனக்குத் தெரியாது. உங்க பலகை கதை, கம்பி கதை எதையும் அவுத்து உடாதீங்க. அந்த மனுஷன் பேசட்டும். பாவான்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா ஒடனே எனக்கு போன் போடுங்க."

"நான் எப்படி பெருமை பேசுவேன்? இந்த ஊர்ல என்ன மாதிரி அடக்கமான ஆளு..."

"இதோ, இதத்தான் சொல்லிகினு இருக்கேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

கோவிந்தராஜுலு நகரியிலிருந்து பஸ்ஸில் வந்து திருத்தணி ஸ்டேஷனில் காத்திருந்தார். கையில் அதே பாட்டில். மணவூர் தாண்டும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை. திருவள்ளூர் பக்கம் பாதியில் நின்ற ஒரு கட்டடத்தைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. சென்னை வந்து சேர்ந்த பிறகும் அது மூடவில்லை.

முதல் கடையில் ஆளுக்கு இரண்டு குச்சி வைத்தார்கள். முள்கரண்டியும் இருந்தது. கீர்த்தனா கரண்டியை என் பக்கம் தள்ளினாள். நான் திருப்பித் தள்ளினேன். "சவுக்குக் கம்புல முட்டு குடுத்து மூணு மாடி நிறுத்தனவன் நான். இந்தக் குச்சிக்கா பயப்படுவேன்?"

நூடுல்ஸ் என்பது வேறொன்றுமில்லை, வேகவைத்த கட்டுக்கம்பி. கம்பி கட்டுகிற மாதிரியே குச்சியை விட்டு ஒரு முறுக்கு முறுக்கி இழுத்தேன். ஒரு முனை வாய்க்குள் வந்தது. மறு முனை தட்டிலிருந்து விடுபட்டு, சுழன்று வந்து என் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்புவரை சிவப்பாக ஒரு கோடு போட்டது. கொத்தனார் நூல் அடித்த மாதிரி அத்தனை நேராக இருந்தது.

கோவிந்தராஜுலு அதை மேலிருந்து கீழே பார்த்தார். "லெவலு கரெக்டா கீது, மேஸ்திரி காரு."

அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம் அது. அவரோ தறிக்காரர். முள்கரண்டியில் நூடுல்ஸை நூல் சுற்றுகிற மாதிரி சிக்கில்லாமல் சுற்றி, அறுபடாமல் வாய்க்குள் அனுப்பிக்கொண்டிருந்தார். கையில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

அடுத்த கடையில் மோமோ என்று ஒன்று கொடுத்தார்கள். அது கொழுக்கட்டை. அதைப் பரிமாறியவரிடமே எடுத்துச் சொன்னேன். மாவை எப்படிப் பிசைய வேண்டும் என்றும் விளக்கினேன். நிறுத்தச் சொல்லி கீர்த்தனா மேஜைக்கு அடியில் ஓர் உதை விட்டாள். உதை கோவிந்தராஜுலுவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் காலை மடக்கி வைத்துக்கொண்டு, முள்கரண்டியால் அடுத்த கொழுக்கட்டையைக் குத்தினார். அங்கேயும் கை நனையவில்லை.

இப்படியே சாயங்காலம் ஆகிவிட்டது. ரயிலுக்கு நேரம் நெருங்கியது. கல்யாணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கீர்த்தனாவின் முகம் சுருங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்து எதற்கும் அழாத பெண், துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே நடந்தாள். முதல் தடவையாக, சரோஜா சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது.

"ஒரு டீ குடிச்சிட்டுக் கெளம்பலாம், நைனா" என்று ஒரு கடைக்குள் கூட்டிப்போனாள். எனக்கு முதலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். டீ ஜில்லென்று இருந்தது. அடியில் கருப்பாக, பொடி ஜல்லி மாதிரி உருண்டைகள் கிடந்தன. மற்ற டம்ளர்களை வாங்க அவளும் ஹரீஷும் கவுண்டருக்குப் போனார்கள். மேஜையில் நாங்கள் இருவர் மட்டும். கோவிந்தராஜுலு கவுண்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தோள் துண்டால் வாயை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கேட்டது. கனத்த குரல். "பாவா!"

நான் நிமிர்ந்தேன். துண்டு இன்னும் அவர் வாய்மேல்தான் இருந்தது. மறுபடியும் கேட்டது. "பாவா! பாவா!"

மானஸ்தர். நேருக்கு நேர் சொல்ல வெட்கப்பட்டு, துண்டுக்குள் சொல்கிறார். "பாவா!" என்று கத்திக்கொண்டே எழுந்து, மேஜைக்கு மேலாகவே அவரைக் கட்டிப்பிடித்தேன். பிடித்த பிடியை விடாமல் மறு கையால் போன் போட்டேன். "சரோ! சொல்லிட்டாரு!" அந்தப் பக்கம் உடனே வைத்துவிட்டாள். எங்கள் தெருவுக்குச் சொல்லப் போயிருக்கிறாள் என்று புரிந்தது. கடையில் இருந்தவர்கள் யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

கை தட்டல் அடங்கியதும் மறுபடியும் அதே குரல் கேட்டது. "போபா! ரெண்டு போபா!"

இந்தத் தடவை கோவிந்தராஜுலுவின் வாய் என் முகத்துக்கு முன்னால், துண்டு இல்லாமல், திறந்தபடி இருந்தது. அதிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. சத்தம் கவுண்டரில் நின்ற ஆளிடமிருந்து வந்தது.

இரண்டு டம்ளரோடு வந்து நின்ற கீர்த்தனா மெதுவாகச் சொன்னாள். "நைனா, அது டீ பேரு."

நான் பிடியை விட்டேன். சரோஜாவுக்குத் திரும்பப் போன் போட்டேன். யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். மறுபடி போட்டேன். வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மேஜையைப் பார்த்தேன். நான் பாய்ந்த வேகத்தில் என் வயிறு டம்ளரைத் தள்ளிவிட்டிருந்தது. டீ முழுக்கக் கோவிந்தராஜுலுவின் வலது கையில். விரல் இடுக்கிலெல்லாம் பால் சொட்டியது. மணிக்கட்டில் கருப்பு உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் என் தோள் துண்டை எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி ஓடினேன்.

"இருங்க" என்று தடுத்தார். கையைத் தூக்கிப் பார்த்தார். "இது யாரு டம்ளரு?"

"என்... என்னுதுதாங்க."

"பொண்ணு ஊட்டு டம்ளரு."

"ஆங்."

"கை நனைஞ்சிடுச்சே."

கீர்த்தனா டம்ளர்களைக் கீழே வைக்க மறந்து நின்றாள். கோவிந்தராஜுலு மணிக்கட்டிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டு, வெகுநேரம் மென்றார். "ஜவ்வரிசி" என்றார். இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, வாயில் உருண்டையோடே என்னைப் பார்த்து, "இன்னொண்ணு சொல்லுங்க" என்றவர், கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்தார். அந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. 'பா'வுக்கும் 'போ'வுக்கும் நடுவில், கொழகொழவென்று ஒரு சத்தம்.

கீர்த்தனாவுக்கு அது 'பாவா' என்று கேட்டது. ஹரீஷுக்கு 'போபா' என்று கேட்டது. என்னைக் கேட்டால், தளத்தைத் தட்டிப் பார்த்துச் சொல்கிற காது, தப்பாது, பாவாதான் என்பேன். ஆனால் ஊர் திரும்புவதற்குள் சரோஜா பந்தல்காரர் வரைக்கும் சொல்லி முடித்திருந்ததால், யாரும் அதை ஆராய முடியவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் கோவிந்தராஜுலுவைத் தனியாக இழுத்து, அன்றைக்குச் சொன்னது எந்தச் சொல் என்று கேட்டேன். "நான் டீயதான் கேட்டேன். நீங்க பொண்ணு குடுத்தீங்க" என்றார். சிரிக்கவே இல்லை.

இப்போதெல்லாம் பாட்டில் இல்லாமல்தான் வருகிறார். வடையும் எனக்கு மிச்சம் வருவதில்லை. கேட் பக்கம் நின்று "பாவா!" என்று அவர் குரல் கொடுத்தவுடன், சமையல்கட்டிலிருந்து சரோஜா திருப்பிக் கேட்பாள்:

"ஐஸ் போட்டா, போடாமயா?"