சூடேறிய எஞ்சினும் சகலையார் கயிறும்

கிட்டப்பார்வையும் தூரப்பார்வையும் கைகட்டி நிற்க, வில்லை வெட்டித் திருத்தும் விரலோனை, மூக்குக்கண்ணாடிக் கடையின் முடிசூடா வேந்தனை, ஆறு நாள் வணிகனாகவும் ஞாயிறு ஒன்றில் மாலுமியாகவும் வாழ்ந்து அந்த ஒரு நாளுக்காகவே மற்ற ஆறையும் பொறுத்துக்கொள்ளும் பெருந்தகையைப் பாடப் புகுகின்றோம். வேண்டாதபோதெல்லாம் காலில் இடறி, வேண்டியபோது மட்டும் கண்ணில் படாத பத்தாம் எண் ஸ்பேனரே, நீ எழுந்தருளி எம் சொல்லின் திருகாணிகளை முறுக்கித் தருவாயாக. கூப்பிட்டுப் பார்த்தோம், வரவில்லை. அது இல்லாமலே தொடங்க வேண்டியதுதான்.

கண்ணாடிக்கடைக் காவலனுக்கு ஒரு படகு இருந்தது. அதன் வயிற்றில், பலகை மூடியின் கீழ், பழைய டீசல் எஞ்சின் ஒன்று குடியிருந்தது. பின்னால் தொங்கிக்கொண்டு ஊர் பார்க்க ஊர்வலம் வரும் எஞ்சின்களின் பகட்டு அதற்கில்லை. அது உள்ளறையில் இருந்து உறுமுவது; அடிப்பலகைத் துளைவழியே கடலையே உறிஞ்சிக் குடித்துத் தன் கொதிப்பைத் தணித்துக்கொண்டு, குடித்ததைப் பின்குழாய் வழியே புகையோடு புளிச்சென்று துப்புவது; உறுமலில் சிங்கம், உறிஞ்சலில் யானை, நின்றுவிட்டாலோ பக்கத்து வீட்டு மருமகன், எழுப்ப ஆளில்லை. அதை அவன் தன் பிள்ளை என்றே சொல்வான், மனைவி பக்கத்தில் இல்லாதபோது.

அந்த மனைவியையும் பாடவேண்டும். மருத்துவமனை வார்டொன்றின் மூத்த நர்ஸ் அவள். நெற்றியைத் தொட்டே காய்ச்சலின் அளவு சொல்லும் அங்கையாள். உறுமும் டாக்டரையும் ஒரு பார்வையில் உட்கார வைக்கும் உரவோள். எங்கே கிளம்பினாலும் கேஸை மூடி, குழாய்களை மூடி, மூடியதை மறுபடி ஒருமுறை மூடிப்பார்த்த பிறகே வாசல் தாண்டும் வழுவா நெறியினள். முன்பு இருமுறை நடுக்கடலில் எஞ்சின் படுத்தபோது, இருமுறையும் வந்து கயிறு கட்டி இழுத்துப்போனவர் அவளுடைய அக்காள் கணவர். நம் தலைவனுக்குச் சகலை. இழுத்ததோடு விட்டாரா என்றால் இல்லை. அதன்பின் குடும்பம் கூடிய ஒவ்வொரு பந்தியிலும், சாம்பார் வருமுன் அந்தக் கதை வந்தது. இரண்டாம் முறை கரையேறியதும் அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவ அத்தான் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாருன்னா, படகைக் கரையில வச்சே வித்துடணும். நான் சொல்லிட்டேன்."

சகலையார் வாங்குவதற்கு ஆளும் பார்த்து வைத்திருந்தார். அந்த ஆள் ஒரு ஓட்டல்காரர். படகைத் தன் ஓட்டலின் முன் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் பெயர்ப்பலகை நாட்டுவது அவர் எண்ணம். இதை நினைத்தால் நம் தலைவனுக்குச் சோறு இறங்காது.

இவ்வாறிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை. எதிர்க்கரையிலிருக்கும் அக்கா வீட்டுக்கு மதிய விருந்து. பேருந்தில் போனால் ஒரு மணி நேரம் என்று அவளும், படகில் போனால் அரை மணி என்று அவனும் வாதாடியதில், அபூர்வமாக அவன் வென்றிருந்தான். விடியலிலேயே படகுக்குப் போய், கடல்நீர் வடிகட்டியைக் கழுவி, எண்ணெய் பார்த்து, கடல்நீர் வரும் வால்வைத் தன் கையாலேயே திறந்து வைத்து, பட்டுத்துணியால் வில்லை துடைப்பதுபோல் எஞ்சினைத் துடைத்துவிட்டு வந்தான். பின்னர் அவள் வந்து ஏறினாள்; கொண்டுவந்த பையை இருக்கையின் கீழ் வைத்தாள்; உட்கார்ந்தாள். படகு புறப்பட்டது. கடல் கண்ணாடிபோல் கிடந்தது. அவன் சீழ்க்கை கூட அடித்தான்.

அந்தோ, பாதி வழியில், சூடு காட்டும் வட்டத்துக்குள் அதுவரை அடக்க ஒடுக்கமாக நின்ற முள், அரியணை கண்ட இளவரசன் போல மெல்ல மெல்ல மேலே ஏறலாயிற்று. முதலில் கண்டவள் அவள்தான். வெப்பம் ஏறுவதைப் பார்ப்பதுதானே அவள் தொழில்.

"ஏங்க, அந்த முள்ளு செவப்புக்குப் போகுது."

"போகாது."

போயிற்று. அவன் எஞ்சினை நிறுத்தினான். சட்டென்று உலகம் அமைதியானது. படகு இடமும் போகாமல் வலமும் போகாமல் நின்ற இடத்தில் நின்று ஆடியது. அவள் போனை எடுத்து, சாப்பாட்டுக்குத் தாமதமாகும் என்று மட்டும் அக்காவுக்குச் சொன்னாள். அதை மட்டும்தான் சொன்னாள் என்பதற்கு நாம் சாட்சி. ஆனால் மறுமுனையில் அக்கா தன் கணவர்பக்கம் திரும்பிச் சொன்ன ஒரே சொல்லில், ஊஞ்சலில் சாய்ந்திருந்த சகலையார் நிமிர்ந்தார், மூலையில் சுருண்டுகிடந்த கயிற்றை, போர்முரசம் கேட்ட மறவன் வாளை எடுப்பதுபோல் எடுத்தார், சாப்பிடாமலே கிளம்பினார்.

தொடங்கிற்று போர். பலகை மூடியைத் திறந்தான் நம் தலைவன். கருகிய பெயின்ட் நாற்றமும் அனலும் எழுந்து அவன் மூக்குக்கண்ணாடியை மூடிப் பனித்திரையிட்டன. ஊருக்கெல்லாம் பார்வை தந்தவன் தன் பார்வை இழந்து, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு, முதற்கண் பெல்ட்டைத் தொட்டான். பெல்ட் இறுக்கமாகவே இருந்தது. தன்மேல் ஐயுற்றவனைப் பழிவாங்க அவன் கட்டைவிரலில் கரி பூசி அனுப்பியது. அடுத்து, எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குளிர்திரவமான கூலன்ட் குறைந்ததோ என்று அதன் மூடியைத் திருகப் போனான்.

"சூடா இருக்கும்போது தொறக்காதீங்க. மூஞ்சில அடிக்கும்," என்றாள் அவள், வார்டுக் குரலில்.

அவன் கையை எடுத்தான். ஆறும்வரை இருவரும் ஆளுக்கொரு ஆரஞ்சுப்பழம் உரித்துத் தின்றார்கள். ஆறியதும் பார்த்தால் கூலன்ட் விளிம்புவரை ததும்பி நின்றது. மூன்றாவதாக, ஒரு நொடி எஞ்சினை ஓட்டிவிட்டு, பின்புறம் போய், வயிறு விளிம்பில் அழுந்த, தலைகீழாகத் தொங்கிப் பின்குழாயை நோக்கினான். புகை வந்தது. தண்ணீர் வரவில்லை. அறிந்தான் அக்கணமே: தன் பிள்ளை நீர் குடிக்கவில்லை. ஏன் குடிக்கவில்லை என்பதுதான் தெரியவில்லை.

அப்போது தொடுவானில் ஒரு வெண்புள்ளி தோன்றி, அது நுரையாகி, நுரை படகாகி, படகில் ஒரு கையால் சுக்கான் பற்றி மறுகையை இடுப்பில் வைத்து நிற்கும் ஓர் உருவமுமாகியது. அந்தத் தொப்பையை அவனுக்கு எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும்.

கவிழ்த்துப் போட்ட படகும் அதன்மேல் மின்னும் ஓட்டல் விளக்கும் அவன் கண்முன் வந்தன. எஞ்சியது வடிகட்டி ஒன்றே. காலையில் கழுவியதுதான், ஆயினும் பாசியோ பாலித்தீன் பையோ இடையில் புகுந்திருக்கலாம். வடிகட்டியைத் திறக்குமுன் வால்வை மூடவேண்டும், மூடாவிட்டால் கடல் உள்ளே வரும் என்பது படகேறிய எவரும் அறிந்த விதி. விதி வழுவாதவன் அவன். இருக்கையின் கீழே பைக்குப் பின்னால் கையை நுழைத்து, கண்ணால் பாராமலே, பழகிய விரல்களால் வால்வின் கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினான். திருப்பிவிட்டு, வடிகட்டியின் மூடியைத் திறந்தான்.

ஆகா, என்னென்று சொல்வோம் அதை. எத்தனை நாள் காத்திருந்ததோ அந்தக் கடல். மதகு உடைத்த வெள்ளமென, மணமேடைக்கு ஓடிவரும் மாப்பிள்ளைத் தோழரென, அவன் நெற்றியிலும் வாயிலும் இரு காதிலும் ஏககாலத்தில் மோதி, கண்ணாடியைக் கழற்றிக் காலடியில் போட்டு, பலகைமேல் பாய்ந்து, ஆரஞ்சுத் தோல்களை மிதக்கவிட்டு ஆடிற்று. அவள் பதறவில்லை, வாளியை எடுத்து இறைக்கத் தொடங்கினாள். அவன் தட்டுத்தடுமாறிக் கைப்பிடியைப் பழையபடி திருப்பினான். வெள்ளம் நின்றது. வடிகட்டியின் மூடியை இறுக்கி மூடினான்.

சொட்டச் சொட்ட அமர்ந்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. மூடுவதாக எண்ணித் திருப்பியபோது நீர் வந்தது. அப்படியென்றால் திருப்புவதற்கு முன்பே அது மூடிக்கிடந்திருக்கிறது. காலையில் திறந்தவன் அவன். அதன்பின் இருக்கைக்கடியில் கைவிட்டவர் ஒருவர்தான். கிளம்புமுன் கண்ணில் படும் எந்தக் குழாயையும் மூடாமல் விடாதவர்.

மண்ணாண்ட மன்னர் எவருக்கும் வாய்த்திராத வெற்றி அது. வாய்திறந்தால் போதும், பந்திதோறும் கேட்ட ஏளனமெல்லாம் அன்றோடு ஒழியும், இனிச் சாம்பாருக்கு முன்னால் இந்தக் கதைதான் வரும். பெருமூச்சொன்று அவன் மார்பை நிறைத்தது. திரும்பினான். முட்டிவரை நனைந்து, வாளியும் கையுமாக, ஒரு வார்த்தை குறைசொல்லாமல் இறைத்துக்கொண்டிருந்தாள் அவள். அவனுக்கு அவள்மேல் பாசம் பொங்கியது, கொஞ்சம் பயமும் இருந்தது. வாயை மூடிக்கொண்டான்.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. பம்புல ரப்பர் போயிருக்கும். மாத்திடுறேன்."

அது பொய்யல்ல. நீரின்றி ஓடியதில், கடல்நீரை உறிஞ்சும் பம்புக்குள் சுழலும் சிறு ரப்பர்ச் சக்கரம் இதழ் இதழாகப் பிய்ந்திருந்தது. புதியதொன்று பெட்டியில் இருந்தது. பிய்ந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்து, புதியதைச் சோப்பு நீரில் நனைத்து, இதழ்களை ஒருபக்கமாக மடித்து, திருகாணி நழுவிவிடாமல் மூச்சடக்கி அவன் செருகிக்கொண்டிருக்கும்போதே, சகலையார் படகு பக்கத்தில் வந்து அணைந்தது.

"கயிறு பிடிம்மா," என்றார் அவர், மலர்ந்த முகத்தோடு. "முன்னாடி கட்டு. மெதுவா இழுத்துக்கறேன். ஓட்டல்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வச்சிட்டேன்."

கயிறு பறந்து வந்தது. அவள் பிடித்தாள். கட்டுவதற்குமுன், நனையாதிருக்கட்டுமென்று இருக்கைக்கடியிலிருந்து பையை எடுத்தாள். அதன் பின்னால் இருந்த கைப்பிடியைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். இருபது வருடத்தில் அந்த முகம் எதையும் அவளிடம் மறைத்ததில்லை.

"இது என்னங்க?"

"எஞ்சினுக்குத் தண்ணி வர்ற குழாய்."

"காலையில நான்ல மூடினேன்."

"ம்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"யாரால நின்னாலும் கயிறு கட்டினா விக்கணும்னுதானே சொன்ன."

அவள் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள். எதிர்ப்படகில் சகலையார் கழுத்தை நீட்டினார். அவன் கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தான். அவள் குனிந்து, தன் கையாலேயே அந்தக் கைப்பிடியைத் திறந்தாள். பின் நிமிர்ந்து, கயிற்றைச் சுருட்டி, வந்த வழியே எறிந்தாள்.

"வேணாம் அத்தான். எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல. நான்தான் வீட்டு ஞாபகத்துல தண்ணிக் குழாய மூடிட்டேன்."

சகலையார் கயிற்றை மடியில் வாங்கிக்கொண்டு, பந்தியில் சொல்ல வாயெடுத்த கதை பாதியில் நின்றவர்போல், "அப்படியா," என்றார்.

அப்பால் நிகழ்ந்ததை எவ்வாறு உரைப்போம். சாவி திருகினான், சிங்கம் எழுந்து உறுமிற்று, ஓர் இமைப்பொழுது புகை, மறுஇமைப்பொழுது பின்குழாய் வழியே புளிச்சென்று பாய்ந்தது கடல், சிவப்பை நோக்கி மறுபடி செம்மாந்து கிளம்பிய முள், பிரம்பைக் கண்ட மாணவன்போல் தலைதாழ்ந்து தன்னிடம் சென்று அமர்ந்தது, வழிவிட்டு ஒதுங்கியது எதிரியின் படை, ஈரச் சட்டையே வெற்றிக் கொடியாக, கரிபூசிய கட்டைவிரலே வீரத் திலகமாக, உப்பு வடியும் தலையோடு நின்று சுக்கான் பற்றிய அக்கண்ணாடிக்கடைக் காவலனை, கடலரசி ஒருபுறமும் காற்றரசன் மறுபுறமும் வாழ்த்தி நிற்க, அவனருகே வந்து, அவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டு, எக்காலத்தும் மாறாத் தீர்ப்புரைக்கும் அந்த நாவினாள், இவ்வுலகம் கேட்கத் தன் திருவாய் மலர்ந்தாள்.

"நாளைக்குக் கடைக்குப் போனா அந்த ரப்பர்ல இன்னொண்ணு வாங்கி வச்சுக்கோங்க."