கொடுத்த மிஷின் திரும்பப் பெறப்படாது

கடலில் இருக்கும் மாப்பிள்ளை அவர்களுக்கு,

கரையில் இருக்கும் மாமனார் தன் கையாலேயே எழுதிக்கொண்டது. இங்கே நான், என் மகள், உங்கள் மகள், நான்கு பால் மிஷின்கள் எல்லோரும் நலம். அங்கே நீங்களும் உங்கள் கப்பலும் அதுபோலவே நலமாக இருக்க வேண்டும். இது என் வாழ்நாளின் முதல் கடிதம். நாளைக்கு அரைப் பக்கம் வீதம் எழுதுகிறேன். ஆனால் விஷயம் மிக அவசரம். கடிதம் கண்ட நிமிடமே, நம் மிஷின் வாடகைக்காக நீங்கள் போனில் போட்டுவிட்டுப் போன அறிவிப்பை அழித்துவிடுங்கள். பாஸ்வேர்டு உங்களிடம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். என் மகளிடம் கேட்க முடியாது. மூன்று நாட்களாக அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடக் கூப்பிடுவதென்றால் தட்டில் கரண்டியால் தட்டுகிறாள்.

நீங்கள் புறப்பட்ட அன்று பெட்டி கட்டிக்கொண்டே, “மாமா, தேடுறவங்க கண்ணுல படுற மாதிரி நாலு வரி எழுதிக் குடுங்க” என்றீர்கள். என் மகள் நர்ஸாக இருந்தவள், தெளிவாகத்தான் சொன்னாள். தாய்ப்பால் எடுக்கும் மிஷின் வாடகைக்கு என்று முதல் வரியிலேயே வர வேண்டும், எத்தனை நாளுக்கு, எத்தனை மணிக்குள் வந்தால் கிடைக்கும், மார்பில் வைக்கும் புனலும் குழாயும் ஒவ்வொருவருக்கும் புதிது, மோட்டார் மட்டும்தான் பொது, இவ்வளவு இருந்தால் போதும் என்றாள். எல்லாம் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் பாதித் தாள் காலியாகக் கிடந்தது. முதியோர் வகுப்பில் ஐந்து மாதம் படித்தவன் பாதித் தாளைச் சும்மா விடுவானா? கடைக்காரர்கள் எழுதுவதை எல்லாம் நான் தெருத்தெருவாக நின்று படித்தவன் ஆயிற்றே. மருந்து பாட்டிலில் இருந்து ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்பதை எடுத்துக்கொண்டேன். பேருந்தில் இருந்து ‘கை, தலையை வெளியே நீட்டாதீர்’ என்பதை எடுத்து, பொருந்தவில்லை என்று அடித்துவிட்டேன். துணிக்கடை பில்லில் ‘விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்படாது’ என்று கம்பீரமாக ஒன்று இருந்தது. நாம் விற்பதில்லையே, வாடகைக்குத்தானே கொடுக்கிறோம் என்று யோசித்து, ‘விற்ற’ என்பதைக் ‘கொடுத்த’ என்று மாற்றும் அளவுக்குக் கவனமாக இருந்தேன். கடைசியில் இன்னும் இரண்டு விரற்கடை இடம் மிச்சம். அதில் யாரிடமும் எடுக்காமல் நானாக ஒரு வரி எழுதினேன்: ‘பால் வரவில்லை என்று அழாதே அம்மா, எங்கள் வீட்டிலும் ஒருத்தி அழுதாள், இப்போது சிரிக்கிறாள்.’ நீங்களும் அவசரத்தில் படித்துப் பார்க்காமல், “மாமா கையெழுத்துலயே இருக்கட்டும், நல்லாருக்கு” என்று தாளைப் படம் பிடித்து அப்படியே போட்டுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டீர்கள். ஆகவே இந்தப் பாவத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அதன்பிறகு போன் ஓயவில்லை. நாளைக்கு முப்பது அழைப்பு. என் மகள் ஒவ்வொருத்திக்கும் புனலின் அளவில் இருந்து குழாயைக் காய வைப்பது வரை விளக்கிச் சொல்லுவாள். நான்கு மிஷின்களும் நான்கு வீட்டுக்குப் போய்விட்டன. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். போன திங்கட்கிழமை காலையில் ஒரு பையன் வந்து நின்றான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். குழந்தை எட்டாவது மாதத்திலேயே பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதாம். சப்பிக் குடிக்கத் தெம்பில்லை. தாய்க்கோ மார்பு கல்லாக இறுகிக் காய்ச்சல் அடிக்கிறது, கையால் எடுத்தால் சொட்டுகூட வரவில்லை. “இப்படியே விட்டா சீழ் கட்டிடும், மத்தியானத்துக்குள்ள மிஷின் வேணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க தாத்தா” என்றான். ஆஸ்பத்திரி மிஷின் பழுதாம். என் மகள் நோட்டைப் பார்த்தாள். ஒரு மிஷின் இரண்டு நாளுக்கு முன்பே திரும்பி வந்திருக்க வேண்டும். போன் போட்டாள். அந்தப் பக்கம் ஒரு கணக்கு டீச்சர். “திருப்பித் தரணுமா? எக்காரணம் கொண்டும் வாங்க மாட்டோம்னு நீங்கதானேம்மா போட்டிருக்கீங்க? நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன். அடுத்த மாசம் என் தங்கச்சிக்குப் பிரசவம், அவளுக்குன்னு எடுத்து வச்சுட்டேன்” என்றாள். என் மகள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே மாப்பிள்ளை, அதை எழுத எனக்கு இன்னும் எழுத்து போதாது.

புதுப் புனலும் குழாயும் வைத்த பையை அந்தப் பையன் கையில் கொடுத்தாள். நான் அவன் பைக்கில் தொற்றிக்கொண்டேன். டீச்சர் வீடு நான்காவது மாடி. லிஃப்ட் கதவில் ஏதோ ஒட்டியிருந்தது. பழக்க தோஷம், நின்று படிக்க ஆரம்பித்துவிட்டேன். ‘பழுது. மாடிப்படியைப்…’ என்று போய்க்கொண்டிருக்கும்போதே, “தாத்தா, கால்ல விழுறேன், வாங்க!” என்று பையன் என் கையைப் பிடித்து இழுத்தான். மேலே போனோம். அவன் வாயைத் திறக்கும் முன்பே டீச்சர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“படிங்க.”

என் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். ‘பெறப்படாது’ என்ற இடம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“இதை எழுதுனது யாரு?”

“நான்தாம்மா. எழுத்துக் கூட்ட ஆரம்பிச்சு அஞ்சு மாசம் ஆகுது. அந்த வரி துணிக்கடை பில்லுல இருந்து எடுத்தது.”

“எழுத்துல குடுத்ததை எழுத்துலதான் மாத்தணும். திரும்ப வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் குடுங்க, தர்றேன்” என்று நோட்டும் பேனாவும் கொடுத்தாள்.

சுவரில் வைத்து எழுதினேன். ‘கொ’ போட்டேன். ‘டு’ போட்டேன். என் வேகம் உங்களுக்குத் தெரியும். பையன் ஒரு படி இறங்கி ஒரு படி ஏறினான். “நான் எழுதுறேன் குடுங்க” என்றான். “போட்டவர்தான் எழுதணும்” என்றாள் டீச்சர். ‘திரும்ப’ வரைக்கும் வந்திருப்பேன், பையனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டானோ என்னவோ, அந்தப் பெண்ணின் குரல் மாடிப்படி முழுக்கக் கேட்டது. “எங்கடா இருக்க? வலி தாங்கலடா. பாப்பாவுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமே இல்லடா.” டீச்சர் என் கையில் இருந்த பேனாவைப் பிடுங்கினாள். உள்ளே ஓடினாள். மிஷினை ஒயரோடு கொண்டுவந்து அவன் மார்பில் வைத்து அழுத்தினாள். “முதல்லயே சொல்ல மாட்டியா, முட்டாப் பயலே? ஓடு!” என்றாள். ஓடினான். என்னை மறந்துவிட்டுப் போய்விட்டான். நான் நடந்து வீடு வந்தேன்.

மாலை வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆறரை மணிக்கு அடித்தது. “ரெண்டு பக்கமும் சேர்த்து நாப்பது மில்லி தாத்தா! காய்ச்சல் இறங்கிடுச்சு. பாப்பாவுக்கு டியூப்ல ரெண்டு மில்லி குடுத்தாங்க, உள்ள நின்னுடுச்சு!” என்று பையன் அழுதான். நானும் அழுதேன். என் மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்று வாயை மூடியவள்தான், இன்னும் திறக்கவில்லை. என் எழுத்தால் ஒரு பச்சைக் குழந்தை பட்டினி கிடக்க இருந்தது என்ற கோபம் நியாயமானதுதான். ஆகவே அறிவிப்பை அழித்துவிடுங்கள். இந்தக் கடிதத்தோடு நான் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். இனி படிப்பது மட்டும்தான்.

அலை அடங்கி இருக்கட்டும், காற்று உங்கள் பக்கம் வீசட்டும், நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாத்தா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் என் மகள் வந்து ஒரு துண்டுச் சீட்டை மேசையில் வைத்தாள். விரல் வைக்காமல் ஒரே மூச்சில் படித்தேன். ‘அப்பா, கோபம் இல்லை. நாளைக்கு முப்பது பேரிடம் பேசித் தொண்டை கட்டிவிட்டது. மூன்று வாரம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாஸ்வேர்டு எங்கள் கல்யாண நாள்தான். அறிவிப்பை அன்று இரவே மாற்றிவிட்டேன். அழாதே அம்மா என்ற வரியை மட்டும் உங்கள் கையெழுத்திலேயே வெட்டி மேலே வைத்திருக்கிறேன். அந்தப் பையன் அதைப் பார்த்துத்தான் நம் வீடு தேடி வந்தானாம்.’ ஆகவே மாப்பிள்ளை, மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். பேனாவையும் நான் கீழே வைக்கவில்லை. என் மகள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இது, பதில் எழுத வேண்டும். அவள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், இரண்டு நாளில் எழுதி முடித்துவிடுவேன்.