போஸ்னானுக்குப் போகுமுன் ஓர் ஆளைச் சாய்ப்பது பற்றி

திபிலிசி,
செப்டம்பர் 12

அன்புள்ள மல்ஹாஸ் அண்ணனுக்கு,

தங்கை நெஸ்டான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் மகள் தெக்லேயும் சுகம். முழங்கை, இடுப்பு, இடது தோள் ஆகியவை நீங்கலாக. அங்கே நீயும் அண்ணியும், உன் ஹேசல் கொட்டைத் தோட்டமும், யாரையும் கடிக்காத உன் காவல் நாயும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் மூன்றாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் நீ கத்த ஆரம்பித்துவிடுகிறாய். அதனால் உங்கள் ஊர் சுக்திதிக்குப் போகும் மினிபஸ் ஓட்டுநரிடம் இந்தக் கடிதத்தையும் அண்ணி கேட்ட முழங்கால் தைலத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தைப் பார்த்து நீ எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது.

ஜூலையில் நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பொண்ணு போலந்துக்குப் படிக்கப் போகட்டும், நான் குறுக்க நிக்கல. ஆனா ஒரு ஆம்பளையைத் தன் கையால சாய்ச்சுக் காட்டிட்டுத்தான் எல்லையைத் தாண்டணும். எந்தச் சண்டை தெருவுக்கு உதவும்னு நீ பார்த்துச் சொல்லு, புள்ளியியல் சொல்லிக்குடுக்கறவளாச்சே. எப்படியும் நம்ம சிதவோபா மல்யுத்தம்தான், மத்ததெல்லாம் சும்மா குதியாட்டம்." கேள்வியையும் பதிலையும் ஒரே மூச்சில் தந்துவிட்டு ஆராய்ச்சி செய்யச் சொல்லும் வழக்கம் எங்கள் பல்கலைக்கழக நிர்வாகத்துக்கும் உண்டு. ஆகவே நான் கோபித்துக்கொள்ளவில்லை. அக்டோபரில் அவளுக்கு போஸ்னானில் வகுப்பு தொடங்குகிறது. இந்த இடம் கைவிட்டுப் போனால் மறுபடி கிடைக்காது என்பது உனக்கும் தெரியும். அதனால் கோடை விடுமுறை முழுவதையும் இதற்கே கொடுத்தேன்.

முதலில் ஜூடோ. நான் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அந்த ஆசிரியருக்கு யாரும் சும்மா உட்கார்ந்திருப்பது பிடிக்காது. எனக்கும் ஒரு தடித்த வெள்ளைச் சட்டை வந்தது. அது எனக்கு முன் போட்டிருந்தவரின் வாசனையோடு வந்தது. அங்கே கதவுக்கு வணக்கம், விரிப்புக்கு வணக்கம், நம்மைத் தூக்கிப் போடப் போகிறவருக்கு வணக்கம், போட்ட பிறகும் வணக்கம். இரண்டு வாரம் விழ மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு ஏற்கெனவே விழத் தெரிகிறது என்று ஆசிரியர் ஆச்சரியப்பட்டார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். அண்ணனிடம் என்றேன். தெக்லே அவரிடம் ஒரு நியாயமான கேள்வி கேட்டாள்: "சட்டையைப் பிடிச்சுத்தானே எல்லாம் செய்யறோம், வர்றவன் கெட்டிச் சட்டை போடாம வந்தா?" அவர், "நீ போற ஊர்ல குளிர் ஜாஸ்தி. கோட்டு இல்லாம எவனும் வெளியே வர மாட்டான்" என்றார். "கோடையில?" "கோடையில அப்பா வீட்டுக்கு வந்துடு."

குத்துச்சண்டைக்கு இங்கே கிளதானி பகுதியில் ஒரு கிடங்கு. பயிற்சியாளர் பெயர் கெலா. மூக்கு ஒரு பக்கமும் முகம் இன்னொரு பக்கமும் போகிற மனிதர், ஆனால் பேச்சு பஞ்சு மாதிரி. தெருவுக்கு இதுதான் உகந்தது என்று எனக்கும் முதலில் பட்டது. மற்ற இடங்களில் எதிராளி ஒத்துழைத்தால்தான் எதுவும் நடக்கிறது, இங்கே அவன் ஒத்துழைக்காமலே அடிபடுகிறான். தெக்லேயும் நன்றாகத்தான் குத்தினாள். ஆனால் மணி அடித்தால் அந்த நொடியே கையைத் தொங்கவிட்டுவிடுவாள். ஒருநாள் பக்கத்துக் கோயில் மணி அடித்ததற்கும் தொங்கவிட்டாள். எதிரில் இருந்த பெண்ணுக்குக் கடவுள் பக்தி குறைவு, தெக்லேயின் உதடு கிழிந்தது. அது தவிர, கையுறை இல்லாமல் மண்டையில் குத்தினால் உடைவது பெரும்பாலும் குத்தியவர் கைதானாம். கெலா தன் வலதுகையைக் காட்டினார். நடுவில் ஒரு முட்டி காணாமல் போயிருந்தது. "எங்க, போட்டிலயா?" என்று கேட்டேன். "கல்யாணத்துல, மேடம். மாப்பிள்ளையோட அண்ணன். தலை நல்ல கெட்டி." பிறகு தெக்லே தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "உண்மையைச் சொல்லட்டுமா? தெருவுல எவனாவது வந்தா ஓடிடணும். நானே ஓடிடுவேன். வெளிய சொல்லிடாதீங்க, பசங்க வர மாட்டாங்க" என்றார். ஜூடோ ஆசிரியரிடம் திரும்பப் போய் இதைக் கேட்டேன். அவரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்.

அடுத்து, ரஷ்ய மல்யுத்தமான சாம்போ. அதில் கையை முறுக்குவது, காலை மடக்குவது எல்லாம் உண்டு. வலி தாங்காதவன் தரையில் தட்டுவான், உடனே விட்டுவிட வேண்டும். அங்கே பயிற்சி தரும் சியாலா அம்மாள் பகலில் அஞ்சலகத்தில் வேலை பார்ப்பவர். தெருவில் ஒருவன் தட்டினால் என்ன செய்வது என்று கேட்டேன். "அவன் தட்டுவான், பழக்கதோஷத்துல உங்க பொண்ணு விடுவா, அவன் எழுந்து ஒரு அறை விடுவான்" என்றார், முத்திரை குத்துகிற அதே நிதானத்தோடு. "அதுக்கு ஓடறது மேல்."

கடைசியில் உன் சிதவோபா. மத்தளமும் குழலும் ஒலிக்க மல்யுத்தம் செய்தால் அது தற்காப்பா, கல்யாண ஊர்வலமா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. போஸ்னானில் திருடன் வரும்போது மத்தளத்துக்கு எங்கே போவது என்றுதான் மன்றத்தை நடத்தும் ஒத்தாரிடம் முதலில் கேட்டேன். அவர் என் பெயரைக் கேட்டார், குடும்பப் பெயரைக் கேட்டார், எழுந்து நின்றுவிட்டார். "சுக்திதி மல்ஹாஸோட தங்கச்சியா? குத்தாயிசி போட்டியில என்னை மல்லாக்கப் போட்டானே, அவனா? போட்டதுகூடப் பரவாயில்லம்மா. கையைக் குடுத்துத் தூக்கி நிறுத்தி, சட்டையில தூசியைத் தட்டி, எங்க அடிபட்டுச்சுன்னு கேட்டான் பாரு. அதுதான் இன்னும் வலிக்குது." அன்றிலிருந்து அவர் மன்றத்தில் அதுதான் சட்டமாம். சாய்த்தவர், விழுந்தவரைத் தூக்கி, தூசி தட்டி, தொப்பி விழுந்திருந்தால் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். ஓடுவது பற்றிக் கேட்டேன். "நம்ம ஆளுங்க ஓட மாட்டாங்க" என்றார். நால்வரில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது என்பதையும் சேர்த்துக் கணக்கில் கொள்ளவும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை மாலை விசா ஒட்டிய பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, திதூபே நிறுத்தத்தில் இறங்கினோம். பாஸ்போர்ட், பல்கலைக்கழகக் கடிதம், எல்லாம் ஒரே தோள்பையில். நல்ல ஜாக்கெட் போட்ட ஒருவன், இருபத்தைந்து வயது இருக்கும், பின்னாலிருந்து வந்து பையைப் பிடித்து இழுத்தான். தெக்லே திரும்பினாள். ஒரு கையால் அவன் காலரையும் மறுகையால் இடுப்புப் பட்டையையும் பிடித்தாள். இடுப்பை உள்ளே கொடுத்து ஒரு சுழற்று. ஆள் காற்றில் ஒரு வளையம் போட்டு, நடைபாதையில் கடை விரித்திருந்த கீரைக்காரம்மாவின் கொத்தமல்லிக் கட்டுகளின் மேல் மல்லாக்க விழுந்தான். ஒத்தார் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

அத்தோடு நின்றிருந்தால் உனக்கு ஒரு தந்தி போல நாலு வரி எழுதியிருப்பேன். நிற்கவில்லை. அவள் கையை நீட்டி அவனைத் தூக்கி நிறுத்தினாள். முதுகில் ஒட்டியிருந்த கொத்தமல்லியைத் தட்டிவிட்டாள். "எங்க அடிபட்டுச்சு, தம்பி?" என்று கேட்டாள். "இல்லக்கா, ஒண்ணுமில்ல" என்றான் அவன். கீழே கிடந்த பையை எடுத்து, மண்ணைத் துடைத்து, அவன் கையிலேயே கொடுத்தாள். அவனும் நன்கு வளர்க்கப்பட்ட பிள்ளை போலிருக்கிறது. "நன்றிக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தான். கொஞ்ச தூரம் போன பிறகுதான் தான் திருட வந்தவன் என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. ஓட ஆரம்பித்தான்.

கீரைக்காரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏம்மா, படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. அப்படியே ரெண்டு கட்டு கொத்தமல்லியும் குடுத்து, வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வர்றதுதானே?"

பை பிறகு கிடைத்துவிட்டது. எப்படி என்பது இங்கே முக்கியமில்லை.

ஆகவே என் முடிவு இது. ஜூடோ குளிர்காலத்துக்கு நல்லது. குத்துச்சண்டை மணி அடிக்காத ஊர்களுக்கு. சாம்போவை மனச்சாட்சி இல்லாதவர்கள் கற்கலாம். சிதவோபா நிச்சயம் ஆளைச் சாய்க்கிறது. அதற்குப் பிறகு வரும் மரியாதையை மட்டும் நம் எல்லைக்குள்ளேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். உன் நிபந்தனை நிறைவேறிவிட்டது. உன் மகள் ஓர் ஆம்பளையைத் தன் கையால் சாய்த்துவிட்டாள். சாட்சிக்குக் கீரைக்காரம்மா இருக்கிறாள், நாங்கள் நசுக்கிய கொத்தமல்லியை எல்லாம் நானே வாங்கி வந்து அதையே தின்றுகொண்டிருக்கிறோம். இனி நீ மறுப்பேதும் சொல்லாமல் அவளை அனுப்பிவைக்க வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு. தைலத்தை உணவுக்கு முன் அல்ல, பின் தடவச் சொல். போன தடவை ரொட்டி முழுக்க அந்த வாசனை. உன் மரங்களில் காய்ப்பு நன்றாக இருக்கட்டும், உன் ரத்த அழுத்தம் இறங்கட்டும், மழை உன் ஓட்டை விழுந்த கொட்டகையைத் தவிர்த்துப் பெய்யட்டும்.

அன்புத் தங்கை,
நெஸ்டான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தெக்லே இதைப் படித்துவிட்டாள். "பொய் சொல்லிட்டு நான் எந்த ஊருக்கும் போக மாட்டேன், அத்தை. நீங்க எழுதறீங்களா, நான் எழுதட்டுமா?" என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவனைச் சாய்த்தது அவள் அல்ல. நான்தான். உனக்கு நடுவிலேயே சந்தேகம் வந்திருக்கும்; இருபது வயதுப் பெண் எவளும் இருபத்தைந்து வயதுக்காரனைத் தம்பி என்று கூப்பிடமாட்டாள், அவனும் அவளை அக்கா என்று சொல்லமாட்டான். பை என் தோளில் இருந்தது. தெக்லே இரண்டு கையிலும் ஐஸ்கிரீம் வைத்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தாள். நான் அவனுக்குப் பையைக் கொடுத்து வழியனுப்பியதைப் பார்த்ததும், இரண்டையும் வீசிவிட்டு, கத்திக்கொண்டே அவன் பின்னால் ஓடினாள். அப்படி ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததில்லை, அப்படி ஒரு கத்தலைக் கேட்டிருக்கிறேன், தொலைபேசியில், உன்னிடம். முடிதிருத்தகத்திலிருந்து பாதி சவரம் செய்த ஆள்கூட வெளியே வந்துவிட்டார். மூன்றாவது தெருவில் அவன் நின்று, மூச்சு வாங்க, "எடுத்துக்கோம்மா, என்னால முடியல" என்று பையைத் தானாகவே நீட்டினானாம். அவள் தூசி தட்டவில்லை.

ஆகையால் உன் மகளுக்கு யாரையும் சாய்க்கத் தெரியாது. இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டுவிட்டதாக நடித்தாள், நானும் நம்புவதாக நடித்தேன். எனக்கோ யாரும் புதிதாகச் சொல்லித்தரவில்லை. நீ பெரிய மல்லனாகப் போகிறேன் என்று வீட்டு முற்றத்தில் பழகிய காலத்தில், வேறு ஆள் கிடைக்காமல் உனக்குப் பொம்மையாக நின்று விழுந்தவள் நான். அதே காலர், அதே இடுப்பு, அதே சுழற்று. ஒவ்வொரு தடவையும் நீ ஓடிவந்து தூக்கி நிறுத்தி, அம்மா கண்ணில் படாதபடி என் பாவாடையில் மண்ணைத் தட்டிவிட்டு, எங்க அடிபட்டுச்சு என்று கேட்பாய். எனக்கு அது சண்டையின் கடைசிப் பகுதி என்றே பதிந்துபோயிருக்கிறது. பை பறிபோனதில் சரிபாதிப் பொறுப்பு உன்னுடையது.

நிபந்தனை நிறைவேறவில்லை. இருந்தாலும் அவளை அனுப்பு, அண்ணா. உன் பிடி என்னோடு திபிலிசியிலேயே இருக்கட்டும். அவளுக்கு உன் குரல் வந்திருக்கிறது, அது போதும்.

பதிலை அதே மினிபஸ்காரரிடம் கொடுத்துவிடு. தொலைபேசி வேண்டாம்.